இடிகம்பியிற் கீறிய கோடு

கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபொழுது, தமிழாசிரியர் என்ற முறையில் எம்மிடமிருந்து இலக்கியக் கட்டுரையொன்றையே எதிர்பார்த்திருப்பர். யாம் அனுப்புவதோ துவக்கைப் பற்றிய கட்டுரை. அதிலும் துவக்கின் பெருமை பேசும் கட்டுரையன்று. குழலுக்குள்ளே குண்டு எவ்வளவு ஆழத்தில் அமர்ந்திருத்தல் வேண்டும் என்னும் மிகச் சிறிய பொருளைப் பற்றியது. மலர்க்குழுவினர் முகஞ் சுளியாதிருக்கும் பொருட்டு ஒன்றை முன்னரே சொல்லி வைக்கின்றோம். இச்சிறு பொருளுக்குள்ளே ஒரு மனிதரின் நற்பெயர் அகப்பட்டுக் கிடக்கின்றது. அவருடைய பேரனின் மகன் இன்று எம் வகுப்பிலே நான்காம் வாங்கில் இருந்து படிக்கின்றான்.

சொல்லிலிருந்து தொடங்குவது எம் தொழில் வழக்கம். தமிழகத்தார் துப்பாக்கி என்பதை ஈழநாட்டுத் தமிழ் பேசுவோர் துவக்கு என்பர். சிங்கள மக்களும் ஏறக்குறைய அவ்வாறே துவக்குவ என்பர். துப்பாக்கியும் துவக்கும் துருக்கியர் வழிவந்த ஒரு சொல்லின் இரு வடிவங்கள். கருவி கடல் கடந்து வந்தபொழுது பெயரும் உடன் வந்தது. ஆயின் அதனுள்ளே மருந்தும் குண்டும் இடுகின்ற செயலைக் குறிக்க நம் முன்னோர் பிறமொழியிடம் கையேந்தவில்லை. 'கெட்டித்தல்' என்றனர். இறுகச் செய்தல், இடைவெளியின்றி உறுதியாக்குதல் என்பது அதன் பொருள். நிரப்புதல் என்றோ இடுதல் என்றோ கூறாது கெட்டித்தல் என்று முதன்முதற் கூறியவன் பண்டிதனாக இருந்திருக்க முடியாது. கையிலே கம்பி பிடித்த எவனோ ஒருவனாகவே இருந்திருப்பான். தொழிலின் உயிர்நிலையை அவன் சொல்லுக்குள்ளேயே பொதிந்து வைத்துவிட்டான்.

சாய்ந்தமருதை அறியாத வாசகர்க்கு ஒரு வார்த்தை. கல்முனைக்குத் தெற்கிலும், விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவுக்கு வடக்கிலும், கிழக்கே கடலும் மேற்கே வயலுமாக அமைந்தது எம் ஊர். கடற்கரையோரம் வீடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். மேற்கே சென்றால் கண்ணுக்கெட்டிய தூரம் வட்டை. ஊரார் சிலர் கடலையும், சிலர் கடையையும், சிலர் வட்டையையும் நம்பி வாழ்வர். 1949ஆம் ஆண்டு தொடங்கிய கல்லோயாத் திட்டத்தால் இங்கினியாகலையில் அணை எழுந்து நீர் பெருகிற்று, காடுகள் கழனிகளாயின. காடு கழனியானால் காட்டில் வாழ்ந்த பன்றியும் ஆனையும் எங்கே போகும்? கழனிக்கே வரும். ஆகவே கதிர் முற்றும் காலத்தில் வாடியில் தீ மூட்டிப் பரணில் விழித்திருப்பது வேளாண்மையின் ஒரு பகுதியாயிற்று. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகருவிக் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப் பத்திரம் பெற்ற போடியார் சிலரிடம் துவக்கு இருந்தது. வாய்வழியாகக் கெட்டிக்கும் ஒற்றைக்குழல் துவக்கே அவற்றுட் பெரும்பான்மை. விலை குறைவு, தோட்டாவுக்குக் கடை தேட வேண்டியதுமில்லை.

எம் தாயின் தந்தையாராகிய மூத்தவாப்பாவிடம் அத்தகைய துவக்கொன்று இருந்ததாம். யாம் அதனைக் கண்டதில்லை. 1980களில் நாட்டின் நிலை மாறியபோது அதனைப் பொலிசாரிடம் ஒப்படைத்துவிட்டார். அதற்குரிய இடிகம்பியை மட்டும் ஏனோ ஒருவரும் கேட்கவில்லை. எம் இளமைக் காலத்தில் அக்கம்பி வீட்டுப் பின்கதவுக்குக் குறுக்குத் தாழாகப் பணிபுரிந்தது. ஏறத்தாழ மூன்றரை அடி நீளம், ஒருமுனை தட்டையானது, மறுமுனைக்கு அண்மையில் அரத்தால் அராவிய இரண்டு கோடுகள், ஒன்றுக்கொன்று நான்கு விரற்கிடைத் தூரத்தில் இருந்தன. கதவைத் தாழிடும் ஒவ்வோர் இரவும் விரலில் அவை தட்டுப்படும். இவை என்னவென்று ஒருநாள் வினவினோம்.

"மனே, கம்பிய உள்ளுக்கு விட்டா இந்தக் கோடு வாயோட நிண்டா, வெறுந் துவக்கு. மற்றக் கோடு வாயோட நிண்டா, கெட்டிச்ச துவக்கு. மற்றக் கோடும் வாய்க்கு வெளியால தெரிஞ்சா, மவுத்து" என்றார்.

இதனை விரித்துரைத்தல் வேண்டும். வாய்வழித் துவக்கில் முதலில் மருந்து, அதன்மேல் தேங்காய்த் தும்பாலாய தக்கை, அதன்மேல் குண்டு, குண்டு உருண்டு வாராதிருக்க மீண்டும் ஒரு தக்கை என்னும் முறையில் எல்லாம் குழலின் அடியில் ஒன்றன்மேலொன்றாக அமர்தல் வேண்டும். அமர்ந்ததா இல்லையா என்பதைக் கண்ணாற் காண வழியில்லை. இரும்புக்குழல் ஒளிபுகா இருட்டறை. அவ்வறைக்குள் நிகழ்வதைக் கைக்கு அறிவிக்கும் தூதுவன் இடிகம்பி ஒன்றே. குண்டு மருந்தின்மேல் நன்கு படிந்திருந்தால் தீப்பற்றிய கணத்திலேயே புகையின் அழுத்தம் குண்டைப் பிடித்துத் தள்ளத் தொடங்கும்; அழுத்தமும் ஓட்டமும் உடன் வளரும். குண்டு பாதிவழியில் நின்று, அதற்கும் மருந்துக்கும் நடுவே வெற்றிடம் இருந்தால் நிகழ்வது வேறு. எரிந்த புகை அவ்வெளியிலே வேகம் பெற்று ஓடிவந்து, அசையாது நிற்கும் குண்டின் முதுகில் மோதும். அந்த ஓரிடத்தில் அழுத்தம் குவியும். குழல் அவ்விடத்தில் மோதிரம்போற் புடைக்கும். இன்றேல் வெடித்துப் பிளக்கும். வாய்வழித் துவக்குச் செய்வோர் எந்த நாட்டவராயினும் இவ்வெச்சரிக்கையைத் தம் கையேட்டில் எழுதாமல் விடுவதில்லை.

இரண்டு கோடுகளுக்கும் இன்னொரு பயனுண்டு. துவக்கு ஏற்கெனவே கெட்டிக்கப்பட்டதா என்பதை மறந்தவனுக்கு அவை நினைவூட்டும். மறதி பெரிதா என்பார் 1863ஆம் ஆண்டு அமெரிக்க உள்நாட்டுப் போரில் கெட்டிஸ்பேர்க் களத்திற் பொறுக்கப்பட்ட துவக்குகளின் கணக்கைப் பார்க்க. மொத்தம் 27,574. அவற்றுள் ஏறத்தாழ 24,000 கெட்டித்தபடி சுடப்படாமற் கிடந்தன. அவற்றுட் பாதியில் இரட்டைக் கெட்டிப்பு. ஒன்றனுள் 23 கெட்டிப்பு, ஒன்றன்மேலொன்றாக. பயத்தால் நடுங்கிய கைகள் சுட்டோமென எண்ணி மீண்டும் மீண்டும் கெட்டித்தன போலும்.

இனி எம் வட்டையின் கதைக்கு வருவோம். இது யாம் பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1972ஆம் ஆண்டுப் பெரும்போகத்தில் நிகழ்ந்தது. ஒரு போடியாரின் வயலிற் காவலிருந்த முல்லைக்காரர் ஒருவர், பன்றிக் கூட்டத்தை நோக்கிச் சுட்ட இரண்டாம் வெடியிலே துவக்குப் பிளந்தது. இடக்கையின் இரண்டு விரல்கள் போயின. விடிவதற்குள் ஊர் தீர்ப்பெழுதிவிட்டது: ஆசைப்பட்டு இரட்டை மருந்து போட்டுவிட்டான் என்று. ஒரு கையில் துணிக்கட்டுடன் கிடந்தவர், "அளவு குறையவுமில்ல, கூடவுமில்ல" என்று எத்தனை முறை சொல்லியும் கேட்பாரில்லை. துவக்கு போடியாருடையது, பிளந்த துவக்குக்கு நட்டஈடு கேட்கும் நிலைக்கும் காரியம் சென்றது. விரலை இழந்தவனே பணமும் இழக்க வேண்டியிருந்தது.

மூத்தவாப்பா அவருக்கு உறவினருமல்லர், நண்பருமல்லர். பிளந்த குழலைக் காணும் ஆவலினாலேயே சென்றாராம். கண்டவுடன் அவருக்கு ஐயம் பிறந்தது. மருந்து மிகுந்து வெடித்த துவக்குப் பெரும்பாலும் அடியிலேயே விரியும். அங்கேதான் அழுத்தம் முதலிற் பிறக்கின்றது. இத்துவக்கின் அடி பழுதின்றி இருந்தது. அதற்கு ஒரு சாண் மேலே, இடக்கை தாங்கும் இடத்தில், மூங்கில் பிளந்தாற்போலக் குழல் வாய்திறந்து நின்றது. குண்டு அங்கே நின்றிருக்கின்றது என்பதற்கு அதுவே சாட்சி. ஆயின் பதினைந்து ஆண்டு துவக்குப் பிடித்த கை ஒரு சாண் பிழையை எவ்வாறு உணராது போயிற்று?

இடிகம்பியைக் கேட்டு வாங்கினார். அதிலும் கோடு இருந்தது. குழலின் புறத்தே கம்பியை ஒட்டவைத்து, கோட்டைத் துவக்கின் வாயோடு பொருத்திப் பிடித்தார். கம்பியின் நுனி வந்து நின்ற இடம், கிழிந்த இரும்பின் கீழுதடு.

ஆகவே அக்கம்பி அத்துவக்குக்கு உரியதன்று. ஒரு சாண் குட்டையான வேறொரு குழலுக்கு அளந்து கோடிட்ட கம்பி. பழைய கம்பி தொலைந்தபோது வீட்டுப் பரணிற் கிடந்த இன்னொரு துவக்கின் கம்பியை எவரோ எடுத்துக் கொடுத்திருக்கின்றனர். அன்றுதான் அது முல்லைக்காரரின் கைக்கு வந்தது. தூறல் மழை, ஈரத்திற் பருத்த தும்பு, முதல் வெடியின் கரி வேறு குழலுள் ஒட்டியிருந்தது. உள்ளே எங்கும் இறுக்கமாகவே இருந்தமையால் அடி தட்டியதா என்பதைக் கை அறியவில்லை. கண் கோட்டை நம்பிற்று. கோடு வாயோடு வந்து நின்றவுடன் அவர் இடிப்பதை நிறுத்தினார். முதல் வெடி மந்தமாகக் கேட்டதென்று அவர் முன்னரே சொல்லியிருந்தார்; அதனையும் எவரும் பொருட்படுத்தவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து சனங் கலையுமுன், பிளந்த குழலையும் அக்கம்பியையும் பரணிற் கிடந்த குட்டைத் துவக்கையும் பள்ளிவாசல் விறாந்தையிற் கிடத்தி, மரைக்காயர்மார் முன்னிலையில் மூத்தவாப்பா அளந்து காட்டினாராம். குட்டைக் குழலில் அக்கம்பியின் கோடு மயிரிழை பிசகாது பொருந்திற்று. கம்பியை எடுத்துக் கொடுத்தவர் யாரென்பது அங்கிருந்த யாவர்க்கும் விளங்கிற்று. ஒருவரும் வாய்திறந்து சொல்லவில்லை. நட்டஈட்டுப் பேச்சு அத்துடன் நின்றது. அவ்வாண்டு விளைவில் இரண்டு அவணம் நெல் முல்லைக்காரரின் வீட்டுக்குச் சென்றது. ஆயினும் 'இரட்டை மருந்தர்' என்று விடியற்காலையில் ஊர் சூட்டிய பெயர் வெள்ளிக்கிழமை நண்பகலில் கழன்று விழவில்லை. எம் கரையோர ஊர்களிற் பட்டப்பெயரின் ஆயுள் நெடிது. ஒருமுறை ஒட்டிக்கொண்டால் பேரன் காலத்திலும் தொடரும். இலக்கணத்தில் ஆகுபெயர் கற்பிக்கும்போதெல்லாம் எமக்கு இந்நினைவு வருவதுண்டு.

குண்டை அடிவரை கொண்டு சேர்ப்பது எம் வட்டைக்கு மட்டும் வாய்த்த தொல்லையன்று. சுழல்வரி வெட்டிய குழல்கள் படைக்கு வந்தபோது ஐரோப்பியரும் இதனோடு மல்லாடினர். வரிகளைப் பற்றிக்கொள்ளும்படி குண்டு இறுக்கமாக இருத்தல் வேண்டும். இறுக்கமான குண்டு உள்ளே இறங்காது. 1826இல் டெல்வின் என்னும் பிரெஞ்சு அதிகாரி குழலின் அடியில் ஒடுங்கிய மருந்தறையொன்றை அமைத்தார். தளர்வான குண்டு இறங்கி அவ்வறையின் விளிம்பில் அமரும். கம்பியால் ஓங்கி இடித்தால் விரிந்து வரியைப் பற்றும். 1844இல் தூவனன் என்பார் அடியின் நடுவே எஃகு முளையொன்றை நிறுத்தினார். குண்டு அம்முளையின்மேல் மட்டுமே நிற்க முடியும். அதற்குக் கீழே போகாது. ஆழத்தைக் கையிடம் விடாது குழலுக்குள்ளேயே முளையடித்து வைத்த அறிவு அது. ஆனால் முளையைச் சுற்றியுள்ள கரியைத் துடைப்பது பெருந்தொல்லை. பின்னர் மினியே என்பார் அடியிற் குழிவுள்ள நீள்குண்டை அமைத்தார். அது தளர்வாக இறங்கும். மருந்தின் புகையே குழிவை விரித்து வரியோடு சேர்க்கும். இடிக்க வேண்டியதில்லை, இறக்கினாற் போதும்.

அம்மரபில் வந்ததே 1853ஆம் ஆண்டின் என்ஃபீல்ட் ரைபிள். 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைப் படிப்பிக்கும் எல்லா ஆசிரியரும் அதன் தோட்டாவிற் பூசிய கொழுப்பைப் பற்றிக் கூறுவர். கொழுப்பு எதற்கு என்று கூறுவார் அரியர். இரண்டு மூன்று முறை சுட்டபின் குழலுட் படியும் கரியின்மேல் வழுக்கிக்கொண்டு குண்டு அடிவரை செல்லுதற்கே அது பூசப்பட்டது. எந்த விலங்கின் கொழுப்பு என்னும் வினா இந்து வீரரையும் முஸ்லிம் வீரரையும் ஒருங்கே கொதிப்பித்தது. அவரவர்க்கு ஒப்பிய பூச்சைத் தாமே பூசலாம் என்று 1857 சனவரியில் ஆணை பிறந்தபோது காலங் கடந்துவிட்டது. கிளர்ச்சிக்குக் காரணங்கள் பல. அவற்றை யாம் மறுக்கவில்லை. எனினும் குண்டு அடிவரை செல்ல வேண்டும் என்னும் தேவை இல்லையாயின் அக்கொழுப்பும் இல்லை.

1866இல் பொக்சர் என்னும் ஆங்கில அதிகாரி வகுத்த பித்தளைத் தோட்டா ஸ்னைடர் ரைபிளுக்கு வந்தது. மருந்தும் குண்டும் பொறியும் ஒரே கூட்டிற்குள், பின்பக்கத்தால் இடுவது. அன்றோடு இடிகம்பிக்கு ஓய்வு. குண்டின் ஆழத்தை முடிவு செய்யும் உரிமை வீரனின் கையை விட்டுத் தொழிற்சாலைக்குச் சென்றது. நம்மிற் பெரும்பாலோர் அதனை நல்லதென்றே கொள்வர். யாமும் அவ்வாறே கொண்டிருந்தோம், சென்ற ஆண்டு எம் கல்லூரித் தோழர் ஒருவர் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்து எம் வீட்டில் இரண்டு நாள் தங்கும் வரை.

பின்கதவுக் கம்பியைக் கண்டதும் அவர் கையில் எடுத்துக் கோடுகளை நகத்தால் வருடிப் பார்த்தார். "மச்சான், இது மருந்துக்கம்பியல்லோ?" என்றார். உயர்தர வகுப்பில் எமக்கருகே இருந்து பௌதிகம் படித்தவர் இக்காலத்திற் குறிசுடும் கழகமொன்றின் உறுப்பினரென்பதும், லித்கோ ஆலையிற் செய்த பழைய லீ-என்ஃபீல்ட் ரைபிளுக்கு வேண்டிய தோட்டாக்களைத் தம் கையாலேயே அந்நாட்டுச் சட்டப்படி கெட்டிக்கின்றாரென்பதும் அன்றே எமக்குத் தெரிந்தன. நம் நாட்டில் அத்தகைய பொழுதுபோக்கை எவரும் கனவிலும் கருதார். இங்கே வெடிமருந்தைத் தொட 1956ஆம் ஆண்டின் வெடிபொருட் சட்டத்தின்படி அனுமதி வேண்டும். முப்பதாண்டுப் போரைக் கண்ட நாட்டில் அது வேண்டியதே.

அவர் கூறியவற்றுள் எம்மைத் திகைப்பித்தது இது. வாய்வழித் துவக்கிற் குண்டு ஆழம் போதாமையே கேடு. தோட்டாவிலோ ஆழம் மிகுதலும் கேடாம். .303 தோட்டாவின் பித்தளைக் கூடு 56 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். குண்டு பொருத்திய முழுநீளம் 78 மில்லிமீற்றர். 1910இல் வந்த ஏழாம் வகைக் குண்டின் எடை 174 கிரெயின். அக்குண்டைக் கூட்டின் கழுத்துக்குள்ளே கூடுதலாக அழுத்திவிட்டால் உள்ளே மருந்துக்குரிய இடம் குறையும். புகையிலா மருந்தின் குணம் கரிமருந்தினது போன்றதன்று. அழுத்தம் ஏற ஏற அது விரைந்தெரியும். விரைந்தெரிய எரிய அழுத்தம் மேலும் ஏறும். இடம் குறைந்த கூட்டில் அழுத்தம் முன்னரே ஏறிவிடுகின்றது. பெரிய ரைபிள் தோட்டாவில் இம்மாற்றம் ஓரளவே. சிறிய கைத்துப்பாக்கித் தோட்டாவிலோ அஞ்சத்தக்கது. 9 மில்லிமீற்றர்த் தோட்டாவொன்றிற் குண்டை 0.03 அங்குலம் கூடுதலாக அழுத்தியபோது, செப்புருளை நசுங்குவதைக்கொண்டு அளக்கும் அலகில் 28,000 ஆக இருந்த அழுத்தம் 62,000 ஆகியதென்று அமெரிக்காவின் ஸ்பியர் நிறுவனத்தார் தம் கையேட்டிற் காட்டியுள்ளனர். 0.03 அங்குலம் என்பது முக்கால் மில்லிமீற்றர். எம் மாணவர் எழுதும் பென்சிற்கோடு சிலவேளை அத்துணைத் தடிப்பாயிருக்கும்.

"அப்படியாயின் குண்டை இயன்றவரை வெளியே நிறுத்திவிட்டாற் போகிறது" என்றோம். அதுவும் ஆகாதாம். குழலிற் சுழல்வரி தொடங்கும் இடத்தில் குண்டின் தோள் முட்டிக்கொண்டிருந்தால், புறப்படும்போதே அது வரிக்குள் நெருங்கிப் புக வேண்டும். ஓடிவந்து கதவைத் தள்ளுவதற்கும் கதவில் தோளைச் சாய்த்து நின்று தள்ளுவதற்கும் உள்ள வேறுபாடு என்று அவர் விளக்கினார். அந்நிலையிலும் அழுத்தம் ஏறும். எனவே வரிக்கும் குண்டுக்கும் இடையே சிறு ஓட்டவெளி விடுவர். அரை மில்லிமீற்றரிலிருந்து தொடங்கிக் கூட்டியும் குறைத்தும் சுட்டுப் பார்ப்பர். எல்லாத் தோட்டாவுக்கும் அவ்வெளி ஒன்றாயிருந்தாற்றான் குறியும் ஒன்றாகும். நீளத்தைக் குண்டின் கூர்நுனியிலிருந்து அளப்பதும் பயனில்லையாம்; நுனிகள் ஒன்றுக்கொன்று சற்றே வேறுபடும். வரியை முதலில் தொடும் தோளிலிருந்து அளக்க வேண்டும்.

இவ்வளவையும் உள்ளே காணாமல் எவ்வாறு அறிகின்றீர் என்று கேட்டோம். அவர் தம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். மருந்தும் இல்லை, பொறியும் இல்லை; வெறுங் கூட்டில் ஒரு குண்டு மட்டும் பொருத்திய போலித் தோட்டா. கழுத்தைத் தளர்த்தி, குண்டை நீட்டி வைத்து, ரைபிளினுள் இட்டு மெல்ல மூடினால், வரி குண்டைத் தானே பின்தள்ளி உரிய இடத்தில் நிறுத்திவிடும். வெளியே எடுத்து அளந்தால் அந்த ரைபிளின் ஆழம் தெரியும். போலித் தோட்டாவின் பக்கவாட்டில் மையால் ஏதோ எழுதியிருந்தது. படத்தைப் பெருப்பித்துப் பார்த்தோம். ரைபிளின் இலக்கமும் திகதியும். திகதி எதற்கு? சுடச்சுட வரியின் தொடக்கம் தேய்ந்து முன்னோக்கிச் செல்லும்; சில ஆண்டிற்கு ஒருமுறை மீண்டும் அளத்தல் வேண்டும் என்றார். "ஒரு ரைபிளின்ர அளவை மற்றதுக்குப் பாவிக்கிறவன் சாகத்தான் வேணும், மச்சான்" என்று சிரித்தபடி சொன்னார். யாம் சிரிக்கவில்லை. பிறகே அவருக்கு முல்லைக்காரரின் கதையைக் கூறினோம். கேட்டு முடிந்தபின் அவர் கூறியது வேறொரு கதை.

1989 ஏப்ரில் 19ஆம் நாள், அமெரிக்காவின் அயோவா என்னும் போர்க்கப்பல் போட்டோ ரிக்கோவுக்கு அண்மையிற் பயிற்சியில் இருந்தபோது, 16 அங்குல வாயுள்ள அதன் இரண்டாம் பீரங்கிக் கூண்டு வெடித்து 47 பேர் மாண்டனர். அப்பீரங்கியில் முதலில் குண்டை இயந்திரத்தால் உள்ளே தள்ளி, அதன் பின்னால் ஐந்து மருந்துப் பைகளை மெல்லத் தள்ளி வைத்துக் கதவை மூடுவர். கடற்படையார் ஆராய்ந்து, மாண்டவருள் ஒருவரே வேண்டுமென்று செய்தார் எனப் பெரும்பாலும் முடிவு கட்டினர். பின்னர் சண்டியா ஆய்வுகூடத்தார் பார்த்தபோது, மருந்துப் பைகள் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஏறக்குறைய இரண்டடி கூடுதலாகத் தள்ளப்பட்டுக் குண்டின் அடியில் நசுங்கியிருந்தமைக்கு அறிகுறி கண்டனர். 1990 மே மாதம் அத்தகைய நசுக்கலைச் சோதனையாகச் செய்து காட்டியபோது, பதினெட்டாம் முறையில் மருந்து தானே வெடித்தது. காரணம் இதுவேயென்று கடற்படையார் ஒப்பவில்லை. காரணம் துணிய இயலாது என்று நின்றனர். ஆயின் 1991 ஒக்டோபரில் கடற்படைத் தலைவர் மாண்டவரின் குடும்பத்தாரிடம் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். இரண்டரை ஆண்டுகள் அக்குடும்பம் அப்பழியைச் சுமந்தது. அவ்வளவு பெரிய கப்பல், அவ்வளவு கற்றோர். அங்கேயும் உள்ளே எவ்வளவு ஆழம் என்பது தெரியாதபோது முதலிற் கையில் அகப்பட்டது செத்தவனின் குணமே.

தோழர் ஊர் திரும்பிய சில வாரத்தின் பின்னர் எட்டாம் வகுப்பிற் கட்டுரைப் பாடம். வகுப்பில் அச்சிறுவனை ஏனையோர் 'ரெட்ட மருந்து' என்று அழைப்பதை யாம் பலமுறை கேட்டுக் கண்டித்துள்ளோம். கண்டித்தால் எம் காதுக்கு எட்டாத தூரத்தில் அழைப்பர்; அவ்வளவுதான். அன்று 'ஒரு கருவியின் கதை' என்று தலைப்பைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, பின்கதவுக் கம்பியையும் இரண்டு மூங்கிற் குழாய்களையும் மேசைமேல் வைத்தோம். ஒரு குழாய் மற்றதைவிட ஒரு சாண் நீளம். இரண்டின் அடியிலும் கணு அடைத்திருந்தது. இரண்டிலும் அரைப்பிடி மணல் இட்டிருந்தோம். ஈரக் களிமண் உருண்டையும் தென்னந் தும்பும் ஒரு குச்சியும் கொடுத்தோம். குட்டைக் குழாய்க்கு அளந்து குச்சியிற் கோடிடச் செய்து, அதே குச்சியால் நெட்டைக் குழாயைக் கெட்டிக்கச் சொன்னோம். வேறொன்றும் கூறவில்லை.

முதலில் முன்வந்தவன், இப்பெயரைச் சூட்டிக் கேலி செய்வதில் முதல்வனாகிய மாணவனே. கோடு வாயோடு நின்றதும் நிறுத்திவிட்டு, "சரி சேர்" என்றான். யாம் கத்தியால் மூங்கிலை நெடுகப் பிளந்து காட்டினோம். மணல் அடியில் இருந்தது. உருண்டை அதற்கு ஒரு சாண் மேலே தும்புடன் ஒட்டிக்கொண்டிருந்தது. பின்னர் 1972ஆம் ஆண்டுப் பெரும்போகத்தின் கதையைப் பெயரொன்றும் கூறாமற் சொன்னோம். பெயர் கூற வேண்டிய தேவை அவ்வகுப்பில் இல்லை.

வகுப்புச் சிறிது நேரம் மௌனமாயிருந்தது. நான்காம் வாங்கிற் சிறுவன் எழுந்து மேசையருகே வந்தான். பிளந்த மூங்கிற் பாதியைக் கையிலெடுத்து, மணலுக்கும் உருண்டைக்கும் இடையேயுள்ள வெளியில் தன் பெருவிரலையும் சிறுவிரலையும் விரித்து வைத்து அளந்தான்.

"அப்ப அவர் போட்ட மருந்து சரிதானே, சேர்?"

"சரிதான்."

மூங்கிலைக் கீழே வைத்துவிட்டுப் போய்த் தன் இடத்திலிருந்து எழுதத் தொடங்கினான். மணி அடித்தபின்னும் அவன் எழுதி முடிக்கவில்லை. அடுத்த பாடத்து ஆசிரியரிடம் பத்து நிமிடம் இரந்து பெற்றுக் கொடுத்தோம்.